நீங்க துப்பறியிறவ இல்ல தங்கச்சி, நீங்க சாட்சி

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, வெள்ளவத்தைல இருக்கிறன். நாலு வருசத்துக்கு முந்தி எங்கட லேன்ல ஒரு தொடர்மாடில தனிய இருந்த ஒரு பொம்பிளைய கொலை செஞ்சிட்டாங்க, இண்டு வரைக்கும் ஒருத்தரும் பிடிபடல்ல. போன வருசம் இந்தக் கேஸப் பத்திக் கதைக்கிற ஒரு டெலிகிராம் குறூப்ல சேர்ந்தன். முந்நூறு பேருக்கு மேல இருக்கிறம், ஒருத்தரும் பொலிஸ் இல்ல, எல்லாரும் சொந்த ஆர்வத்தில தேடுறது தான். நான் மட்டும் 40 பக்கத்துக்கு ஒரு பைல் எழுதியிருக்கிறன். அந்த இரவு எங்கட வீட்டுல தம்பிட பர்த்டே, பல்கனில நிண்டு நான் எடுத்த ஒரு படத்தில கீழ ஒரு வேன் நிக்கிறது தெரியுது, நம்பர் பாதி தான் தெரியும், கலர் சரியாத் தெரியாது, சாம்பல் எண்டு குறூப்ல முடிவு செஞ்சிட்டம். அத வச்சு ஒராளக் கண்டுபிடிச்சிருக்கிறம். அட்மின் இந்தக் கிழமை அவர்ட பேர், படம், வேலை செய்யிற இடம் எல்லாத்தையும் பேஸ்புக்ல போடப் போறார். பொலிஸ் தான் நாலு வருசமா ஒண்டும் செய்யல்லயே. ஆனா ரெண்டு நாளைக்கு முந்தி, செத்துப்போனவட தங்கச்சி எனக்கு மெசேஜ் போட்டு 'அக்காட படங்கள எடுத்துடுங்க ப்ளீஸ்' எண்டு கேட்டிருக்கிறா, நான் இன்னும் பதில் போடல்ல. இரவில நித்திரையும் இல்ல. பேரப் போடுறது சரியா அக்கா?

பதில்:

தங்கச்சி, போட வேணாம். அட்மினுக்கும் இண்டைக்கே சொல்லுங்க, நான் எடுத்த படத்த வச்சு ஒருத்தர்ட பேரையும் போட நான் சம்மதிக்கல்ல எண்டு எழுத்தில சொல்லுங்க, சொன்னதுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைங்க. மிச்சத்த ஆறுதலாக் கதைப்பம்.

உங்கட கடிதத்த நான் மூண்டு தரம் வாசிச்சன். அந்தப் பைல், அந்த ஆள், குறூப் எல்லாத்தையும் தாண்டி எனக்குக் கண் போய் நிண்டது ஒரே ஒரு இடத்தில தான், 'பல்கனில நிண்டு நான் எடுத்த ஒரு படம்'. இருபது வருசத்துக்கு மேல கொழும்பு புதுக்கடைக் கோட்டில லோயரா கிரிமினல் கேஸ் பேசுறன், அந்த வசனத்தப் பாத்த உடன கதிரைல நிமிர்ந்து இருந்திட்டன். ஏனெண்டா அந்த முந்நூறு பேர்ல மிச்ச எல்லாரும் பேப்பர்ல வந்தத, யாரோ சொன்னத வச்சுக் கதைக்கிறாங்க, நீங்க ஒராள் மட்டும் அந்த இரவு அந்த இடத்தில இருந்திருக்கிறீங்க, உங்கட கையில ஒரு கமரா இருந்திருக்கு. நீங்க துப்பறியிறவ இல்ல தங்கச்சி, நீங்க சாட்சி. இந்த ரெண்டுக்கும் இடைல உள்ள வித்தியாசத்த ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தரல்ல எண்டு நினைக்கிறன், அதால தான் நாலு வருசமா பொலிஸ் கையில இருந்திருக்க வேண்டிய ஒரு படம் 40 பக்கத்துக்குக் கீழ புதைஞ்சு கிடக்குது.

2021ல அமெரிக்காவில கேபி பெட்டிட்டோ எண்ட பிள்ளை காணாமப் போன கேஸ் ஞாபகம் இருக்கும். உலகம் முழுக்க ஆக்கள் அதப் பத்தி ஆளுக்கொரு கதை கட்டினாங்க, ராசி பலன் பாத்துக்கூட எங்க இருக்கிறா எண்டு சொன்னாங்க. கடைசில உதவினது பஸ்ஸில ஊர் சுத்தி வீடியோ எடுக்கிற ஒரு குடும்பம். அவங்க தங்கட பழைய வீடியோவ திருப்பிப் பாக்கக்குள்ள வயோமிங் காட்டுப் பக்கம் அந்தப் பிள்ளைட வெள்ளை வேன் ரோட்டோரம் நிக்கிறதக் கண்டு எஃப்.பி.ஐக்குக் குடுத்தாங்க. இந்த வேன், இந்த நாள், இந்த இடம், அவ்வளவு தான். யார் செஞ்சது ஏன் செஞ்சது எண்டு சொல்றதுக்கு அவங்க போகல்ல. அந்த இடத்துக்குக் கிட்டத் தான் பிள்ளைட உடல் கிடைச்சுது.

உங்கட படமும் அப்பிடி ஒண்டா இருக்கலாம், ஒண்டுக்கும் உதவாத படமாவும் இருக்கலாம், ரெண்டும் நடக்கும். ஆனா அது இப்பவே கொஞ்சம் பழுதாகத் தொடங்கிட்டுது. 'சாம்பல் எண்டு குறூப்ல முடிவு செஞ்சிட்டம்' எண்டு எழுதியிருக்கிறீங்க பாருங்க, அந்த வசனத்த எதிர்த்தரப்பு லோயர் ஒருத்தர் கையில குடுத்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா நான் எதிர்த்தரப்பில நிண்டு அத செஞ்சிருக்கிறன். கூண்டில நிக்கிற உங்களிட்ட முதல் கேள்வியே 'வேன் என்ன கலர்?', நீங்க 'சாம்பல்' எண்டுவீங்க, அடுத்தது 'கண்டீங்களா, இல்லாட்டி முடிவு செஞ்சீங்களா?', அதோட உங்கட குறூப்ல போன எல்லா மெசேஜும் ஒவ்வொண்டா மேசைக்கு வரும். நீங்க பொய் சொல்லியிருக்க மாட்டீங்க. ஆனா பத்து மாசம் ஒரே கதைய முந்நூறு பேரோட கதைச்சா எது தன்ட கண்ணால கண்டது எது மற்றாள் சொன்னது எண்டு மூளைக்குப் பிரிக்கத் தெரியாமப் போயிடும், எல்லாருக்கும் தான், எனக்கும் தான். அப்பிடிக் குழம்பிப்போன நல்ல சாட்சிகள நான் கண்ணால பாத்திருக்கிறன், அவங்க அழுதுகொண்டு கூண்டால இறங்கிப் போறதயும் பாத்திருக்கிறன்.

அடுத்தது அந்தப் பேர். ஒரு கதைக்கு அந்த ஆள் தான் செஞ்சவன் எண்டே வச்சுக்கொள்ளுவம். நீங்க படத்தப் போட்டீங்க எண்டா என்ன நடக்கும்? எங்கட நாட்டில சந்தேக நபர மஜிஸ்ட்ரேட்டுக்கு முன்னால அடையாள அணிவகுப்பில நிப்பாட்டுவாங்க, அவர மாதிரி உருவத்தில உள்ள கொஞ்சப் பேரோட வரிசைல, சாட்சி வந்து தொட்டுக் காட்ட வேணும். அதுக்காகத் தான் சில பேர முகத்த மூடி கோட்டுக்குக் கொண்டு வாறது, டிவில பாத்திருப்பீங்க. படம் ஏற்கனவே பேஸ்புக்ல பத்தாயிரம் பேர் பாத்ததெண்டா அந்த அணிவகுப்பு செத்த மாதிரி, 'சாட்சி ஆள அடையாளம் காட்டல்ல, பேஸ்புக் படத்த அடையாளம் காட்டினவர்' எண்டு ஒரு வரில முடிச்சிடலாம். அந்தப் பொம்பிளைக்காக நீங்க செய்யிற வேலை, அவவக் கொலை செஞ்சவனுக்கு வெளிய போற வாசலா மாறிடும்.

செய்யாத ஆளா இருந்தா?

2015 செப்டம்பர்ல, கொட்டதெனியாவ எண்ட ஊர். அப்ப நீங்க ஸ்கூல் போயிருப்பீங்க. அஞ்சு வயசுப் பிள்ளை ஒண்ட இரவில வீட்டில இருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொலை செஞ்சாங்க, நாடே கொதிச்சுது, ஆளப் பிடி தூக்கில போடு எண்டு எல்லா இடமும் சத்தம். பொலிஸ் முதல்ல 17 வயசு ஸ்கூல் பெடியன் ஒருத்தனையும் இன்னொரு மனுசனையும் பிடிச்சுது. ஊர் முழுக்க அந்தப் பெடியன்ட கதை தான். மரபணு பரிசோதனைல ரெண்டு பேரும் இல்ல எண்டு வந்திட்டுது. பேந்து இன்னொராளப் பிடிச்சாங்க, அந்த ஆள் 'நான் தான் செஞ்சன்' எண்டு தன்ட வாயாலயே சொன்னார், சரி முடிஞ்சுது எண்டு எல்லாரும் நினைச்சாங்க, மரபணு அவரும் இல்ல எண்டுது. கடைசில பொருந்தினது அவர்ட சொந்த அண்ணனுக்கு, 2016ல நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்த ஆளுக்கு மரண தண்டனை விதிச்சுது. யோசிச்சுப் பாருங்க, ஒராள் ஒப்புக்கொண்ட பிறகும் பிழை. பொலிஸுக்குக் குடுக்கிற குற்ற ஒப்புதல எங்கட சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ல இருந்து சாட்சியா எடுக்காததுக்கு காரணம் இல்லாம இல்ல. அந்தக் கேஸ்ல உண்மையச் சொன்னது லாப், ஊர் சொன்னது எல்லாம் பிழை. உங்கட குறூப்புக்கு லாப் இருக்கா? அந்த வீட்டில என்ன ரேகை எடுத்தாங்க, சட்ட வைத்திய அதிகாரி என்ன எழுதினார், அந்த இரவு எந்த ஃபோன் எந்த டவர்ல இருந்துது, இதுல ஒண்டாவது கையில இருக்கா? இல்ல. பாதி நம்பரும் ஒரு முடிவு செஞ்ச கலரும் தான் இருக்கு.

பொலிஸுக்கே பிழைச்ச இன்னொண்டும் சொல்றன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து நாலாம் நாள், ஏப்ரல் 25, தேடப்படுற ஆக்கள்ட படம் எண்டு பொலிஸ் வெளியிட்டதில ஒரு படம் அமெரிக்காவில பிறந்து வளர்ந்த ஒரு யூனிவர்சிட்டி மாணவிட. அப்பா அம்மா இலங்கை, அவ்வளவு தான் தொடர்பு. பேந்து பிழை எண்டு அறிவிச்சாங்க, ஆனா அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல் வந்திட்டுது. 2013ல பொஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு இன்டர்நெட்ல இருந்த ஆக்கள் இதே மாதிரிப் படங்கள ஒப்பிட்டு, காணாமப் போயிருந்த ஒரு மாணவன் தான் செஞ்சது எண்டு முடிவு கட்டினாங்க. அந்தப் பிள்ளை ஒரு பாவமும் செய்யல்ல, பேந்து ஆத்தில இருந்து உடலாத் தான் எடுத்தாங்க. மகனத் தேடிக்கொண்டிருந்த அந்த வீட்டாருக்கு அந்த நாட்கள்ல எப்பிடியான ஃபோன் கோல்ஸ் வந்திருக்கும் எண்டு யோசிச்சா எனக்கு வயிறு பிசையுது.

என்ட கட்சிக்காரர் ஒருத்தர், புறக்கோட்டைல சாமான் தூக்கி இறக்கிற மனுசன், ஒரு களவு கேஸ்ல படம் வட்ஸ்அப்ல சுத்தினது. மஜிஸ்ட்ரேட் ஒரு மணித்தியாலத்தில விட்டிட்டார், ஆள் அந்த நேரம் ஆசுபத்திரில தகப்பனோட இருந்தவர், துண்டும் இருந்துது. அந்த விடுதலைத் துண்ட ஆர் ஷெயார் பண்ணினது? மூண்டு வருசம் கழிச்சும் அந்த மனுசனுக்கு வேலை குடுக்கக்குள்ள 'நீ அந்தப் படத்தில இருந்த ஆள் தானே' எண்டு கேட்டாங்க. அவர்ட மகள் ஸ்கூல் மாறினவ. இத நான் நினைக்காத கிழமை இல்ல.

சட்டம் உங்கள என்ன செய்யும் எண்டதயும் சுருக்கமாச் சொல்லி விடுறன், பயமுறுத்துறதுக்கு இல்ல. மானநஷ்டம் இங்க 2002ல இருந்து கிரிமினல் குற்றம் இல்ல, ஆனா சிவில் வழக்கு போடலாம், நட்டஈடு கேக்கலாம், போஸ்ட் போட்டவரோட சேத்து அதுக்குப் படம் குடுத்தவவயும் கேக்கலாம். அதோட 2024ட 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கு, பொய்யான கூற்றுகள இணையத்தில பரப்புறத பத்தி. அந்தச் சட்டத்த நான் விமர்சிக்கிறவ தான், அது வேற கதை, ஆனா இருக்கிற வரைக்கும் உங்களுக்கு எதிரா அதப் பாவிக்கலாம். அட்மின் எந்த நாட்டில இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. நீங்க வெள்ளவத்தைல இருக்கிறீங்க.

அப்ப என்ன செய்யிறது எண்டு கேப்பீங்க, பொலிஸ் தான் ஒண்டும் செய்யல்லயே எண்டும் கேப்பீங்க. உங்கட கோவம் எனக்கு விளங்குது, எங்கட ஆக்களுக்கு பொலிஸ் ஸ்டேஷன் வாசப்படி ஏறுறதே ஒரு பாரம், அது ஏன் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லத் தேவையில்ல. ஆனா ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்க, இலங்கைல மற்றக் குற்றங்கள்ல பெரும்பாலானதுக்கு 20 வருசம் போனா வழக்குப் போட ஏலாது, கொலைக்கு அப்பிடி ஒரு காலம் இல்ல. 1979ட குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்திலயே அது இருக்கு. நாலு வருசம் எண்டது ஒரு கொலைக் கேஸுக்கு முடிவு இல்ல. ரக்பி வீரர் வசீம் தாஜுதீன் 2012ல செத்தப்ப விபத்து எண்டு மூடின கதை, 2015ல உடலத் தோண்டி எடுத்துத் திருப்பிப் பரிசோதிச்சாங்க, அடுத்த வருசம் நீதிமன்றம் அது கொலை எண்டு சொன்னது. இன்னும் நீதி கிடைக்கல்ல, அது எனக்கும் எரியுது, ஆனா மூடின பைலத் திறக்க ஏலும் எண்டது உண்மை. திறக்கிறதுக்கு புதுசா ஏதாவது வேணும். உங்கட படம் புதுசு.

அதால அந்த 40 பக்கத்த ஒரு பக்கம் வைங்க. ஒரு வெள்ளைத் தாள எடுத்து குறூப்பையும் பைலையும் பாக்காம உங்கட கையால தமிழ்ல எழுதுங்க. அந்த இரவு நான் எங்க நிண்டன், எத்தின மணி இருக்கும், என்ன கண்டன், என்ன சத்தம் கேட்டன், எந்த ஃபோனால படம் எடுத்தன். நினைவில்லாத இடத்தில 'நினைவில்ல' எண்டு எழுதுங்க, கலருக்கு 'தெரியாது' எண்டு எழுதுங்க. அந்தச் சொல்லுக்கு கோட்டில எவ்வளவு மதிப்பு எண்டு உங்களுக்குத் தெரியாது, எல்லாம் தெரியும் எண்டு வாற சாட்சிய நீதவான்மார் நம்புறேல்ல. அந்த ஆள்ட பேர் அந்தத் தாள்ல வரவே கூடாது. பொலிஸ் கேட்டா குறூப்ல இப்பிடி ஒரு பேர் கதைச்சாங்க, நான் நேர கண்டது இல்ல எண்டு சொல்லுங்க, மறைக்கவும் வேணாம். பிறகு திகதி போட்டு ஒப்பம் வைங்க. முக்கால் பக்கம் வரும் எண்டு நினைக்கிறன், கூட வந்தா எங்கயோ குறூப் உள்ள வந்திட்டுது எண்டு அர்த்தம்.

படம் எடுத்த பழைய ஃபோன் வீட்டில இருந்தா அத விக்கவோ ரீசெட் பண்ணவோ வேணாம். டெலிகிராம்ல, வட்ஸ்அப்ல போட்ட படத்தில எடுத்த நேரம், இடம் எண்ட விவரம் எல்லாம் உரிஞ்சு போயிடும், மூலப் படத்தில தான் அது இருக்கும். குறூப்ல ஒருத்தர் அத வெளிச்சமாக்கி எடிட் பண்ணித் தந்திருப்பார், அத மூலப் படத்தோட கலக்காதீங்க. கூகுள் போட்டோஸ்ல பேக்கப் இருந்தா அதயும் தொடாம விடுங்க.

ஒரு லோயரையோ, இல்லாட்டி வீட்டில பெரியாள் ஒராளையோ கூட்டிக்கொண்டு போங்க. வெள்ளவத்தை ஸ்டேஷன் ஓ.ஐ.சிக்கு, அதாவது பொறுப்பதிகாரிக்கு, ஒரு கடிதம், கொழும்புக் கோட்டைல உள்ள சி.ஐ.டி (குற்றப் புலனாய்வுத் திணைக்களம்) பணிப்பாளருக்கு ஒரு பிரதி, ரெண்டையும் பதிவுத் தபால்ல அனுப்பி துண்ட வச்சிருங்க, அப்ப வந்ததே தெரியாது எண்டு சொல்ல ஏலாது. வாக்குமூலம் எடுக்கக்குள்ள தமிழ்ல எழுதச் சொல்லிக் கேளுங்க, அது உங்கட உரிமை, சலுகை இல்ல. சிங்களத்தில எழுதி 'ஒப்பம் வைங்க மிஸ்' எண்டு நீட்டினா, வாசிச்சு விளங்காத ஒண்டுக்கும் ஒப்பம் வைக்க வேணாம், தமிழ் தெரிஞ்ச உத்தியோகத்தர் இருக்கிற நாள் வாறன் எண்டு மரியாதையாச் சொல்லிட்டு வாங்க. ஆராவது வெருட்டினா சொல்லுங்க, 2023ட 10ஆம் இலக்கச் சட்டத்தில சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கேக்கலாம், சாட்சிய வெருட்டுறது தனிக் குற்றம். பேஸ்புக்ல முந்திக்கொண்டு போட்டிட்டு பேந்து பாதுகாப்புத் தேடுறது கஷ்டம், நீங்க தான் அந்தப் படத்த எடுத்த ஆள் எண்டது அந்த வேன் காரனுக்கும் தெரிஞ்சு போயிடும். இத நீங்க யோசிச்சீங்களா தங்கச்சி? அட்மின் யோசிச்சவரா? அந்தப் படம் எந்தப் பல்கனில இருந்து எடுத்தது எண்டு பாத்த உடன சொல்லலாம்.

உங்கட குறூப்ல உள்ளவங்க கெட்ட ஆக்கள் எண்டு நான் சொல்லல்ல. அமெரிக்காவில கென்டக்கில 1968ல டென்ட் துணில சுத்தின ஒரு பொம்பிளைட உடல் கிடைச்சுது, 30 வருசமா அவ ஆர் எண்டே தெரியாது. அந்த உடலக் கண்டெடுத்த மனுசன்ட மருமகன் டொட் மத்தியூஸ், சாதாரண ஃபெக்டரி வேலைக்காரர், பல வருசமா இரவில இருந்து தேடி, தங்கட அக்காவக் காணல்ல எண்டு ஒரு தங்கச்சி இன்டர்நெட்ல போட்டிருந்த அறிவித்தலக் கண்டுபிடிச்சார். பொலிஸுக்குச் சொன்னார், உடலத் தோண்டி மரபணு பாத்தாங்க, 1998ல அந்தப் பொம்பிளைக்குத் தன்ட பேர் திரும்பிக் கிடைச்சுது. அவர் தேடினது கொலை செஞ்சவன்ட பேர இல்ல, செத்தவட பேர. உங்கட முந்நூறு பேருக்கு அவ்வளவு நேரமும் பொறுமையும் இருந்தா, இந்த நாட்டில பேர் தெரியாமப் பிரேத அறைல கிடக்கிறவங்க இருக்கிறாங்க, காணாமப் போன பிள்ளைகளத் தேடுற அம்மாமார் ரோட்டோரம் இருக்கிறாங்க. அட்மினிட்ட இதயும் சொல்லிப் பாருங்க.

நித்திரை இல்ல எண்டது என்ட தொழில் இல்ல, ஆனா கொலைக் கேஸ் பைல்கள வீட்டுக்குக் கொண்டு போற இளம் லோயர்மார் இப்பிடி ஆகுறதப் பாத்திருக்கிறன். பத்து மாசமா ஒரு செத்தவட வீட்டுக்குள்ள தான் நீங்க இரவில இருந்திருக்கிறீங்க, அதுவும் உங்கட சொந்த லேன்ல. 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவனத்திட இலக்கம், தமிழ்ல கதைக்கலாம். ஃபோன இரவில அறைக்கு வெளிய வைங்க.

கடைசியா அந்தத் தங்கச்சி. நீங்க பதில் போடாததுக்குக் காரணம் உங்களுக்கே தெரியும் எண்டு நினைக்கிறன், அவட மெசேஜ் வந்த நேரத்தில இருந்து அது ஒரு கேஸா இல்லாம அவங்கட வீடாப் போயிட்டுது. நாலு வருசமா அவ அக்காட பேர எங்கயாவது தட்டினா அக்காட கடைசி நேரத்தப் பத்தி முன்பின் தெரியாத ஆக்கள் வாதாடுறது தான் வருது. அவவிட்ட ஒரு கேள்வியும் கேக்காதீங்க, உங்கட வேனப் பத்திச் சொல்லி நம்பிக்கை குடுக்கவும் வேணாம், அது பொலிஸ் செய்ய வேண்டியது. நீங்க போட்ட படங்கள முதல்ல நீங்களே எடுங்க, மற்றாக்கள் போட்டதுக்கு அட்மினிட்ட கேளுங்க. பிறகு அவவுக்கு எழுதுங்க: 'நான் போட்டதெல்லாம் எடுத்திட்டன், மற்றதுகளயும் எடுக்கச் சொல்லியிருக்கிறன், ரெண்டு நாள் பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க.' இண்டைக்கு இரவு குறூப்பத் திறக்க முந்தி அனுப்புங்க.